ஒயின் கண்காட்சிக்கு முதல்முறை போகிறீர்களா? டிக்கெட் எடுப்பதிலிருந்து பாட்டில் வீடு சேரும் வரை

முதல்முறை ஒயின் கண்காட்சிக்குப் போனபோது ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகிவிடக் கூடாது என்று ஊற்றியதையெல்லாம் விழுங்கினேன். ஏழெட்டு மேசை தாண்டியதும் எல்லா ஒயினும் ஒன்றுபோலவே இருந்தது. மறுநாள் குறிப்பேட்டைத் திறந்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தேன். எந்த ஒயின் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. வீட்டில் மூன்று பாட்டில்கள் இருந்தன. அவற்றை ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் நாலைந்து முறை போய், பட்டு, திருந்தித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒயினைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அங்கே போவது ருசி பார்க்க, குடிக்க இல்லை. இந்த வித்தியாசம் மண்டையில் ஏற எனக்கு இரண்டு கண்காட்சிகள் ஆயின.

1. அது யாருக்கான கண்காட்சி என்று பாருங்கள்

‘ஒயின் கண்காட்சி’ என்று போட்டிருந்தாலே யாரும் நுழையலாம் என்று அர்த்தமில்லை. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் நகரில் நடக்கும் புரோவைன் உலக அளவில் பெரிய ஒயின் கண்காட்சிகளில் ஒன்று. ஆனால் அது தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும். இறக்குமதியாளர், கடைக்காரர், உணவகக்காரர் என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவார்கள். பாரிஸில் நவம்பர் கடைசியில் கூடும் சுயாதீனத் திராட்சை விவசாயிகளின் கண்காட்சியோ பொதுமக்களுக்கானது. அங்கே விளைவித்தவரே மேசைக்குப் பின்னால் நின்று ஊற்றித் தருவார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. அதுதான் புதியவர்களைக் கவிழ்க்கும். பகலில் வணிகர்களுக்கு, மாலையில் பொதுமக்களுக்கு. அல்லது முதல் நாள் வணிகர்களுக்கு, மறுநாள் மற்றவர்களுக்கு. விளம்பரத்தில் ‘காலை 11 மணி முதல்’ என்று பெரிதாகவும், ‘பொதுமக்களுக்கு மாலை 4 மணி முதல்’ என்று பொடி எழுத்திலும் இருக்கும். நான் ஒருமுறை நேரத்தோடு போய்விட்டோம் என்ற பெருமிதத்தில் மூன்று மணி நேரம் வாசலிலேயே நின்றேன். டிக்கெட் எடுக்கும் முன் ‘பொதுமக்கள்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கண்ணில் படாவிட்டால் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

பாட்டு, கூத்து, கூட்டம் என்று திருவிழா போல நடப்பவையும் உண்டு. பொழுதுபோக்குக்கு அவை நல்லவை. கற்றுக்கொள்ள வேண்டும், பார்த்து வாங்க வேண்டும் என்றால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். வரிசையில் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடும், பேசுவதும் காதில் விழாது.

2. டிக்கெட்டுக்குள் என்ன அடக்கம்?

ஏமாற்றம் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். டிக்கெட்டுகள் பொதுவாக மூன்று வகை.

ஒன்று, நுழைவுக் கட்டணத்திலேயே ருசி பார்ப்பதும் அடக்கம். கையில் ஒரு கிளாஸ் தருவார்கள், எந்த மேசையிலும் நீட்டலாம். புதியவர்களுக்கு இதுவே நல்லது. பிடிக்காததைக் கொட்டிவிட மனம் தடுக்காது.

இரண்டாவது, டோக்கன் முறை. நுழைய ஒரு கட்டணம், ருசி பார்க்க டோக்கன். ‘ஐந்து டோக்கன் இலவசம்’ என்று பார்த்தவுடன் ஐந்து ஒயின் என்று கணக்குப் போடாதீர்கள். விலை கூடிய பாட்டிலுக்கு இரண்டு, மூன்று டோக்கன் கேட்பார்கள். மிஞ்சிய டோக்கனுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே முதலில் கொஞ்சமாக வாங்கி, தீர்ந்தபின் மறுபடி வாங்குங்கள்.

மூன்றாவது, பொது நுழைவுக்கு மேல் தனி அறை. அரிய ஒயின்கள், பல ஆண்டுகளுக்கு முன் அறுத்த திராட்சையில் செய்தவை எல்லாம் அங்கே இருக்கும். முதல்முறை போகிறவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. ஒப்பிட்டுப் பார்க்க நாக்குக்கு அனுபவம் இல்லாதபோது விலை கூடிய ஒயின் வெறும் விலை கூடிய ஒயினாகத்தான் தெரியும். அந்தப் பணத்தில் ஒரு வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான கண்காட்சிகளில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை யாராவது உட்கார வைத்து ஐந்தாறு ஒயின்களை வரிசையாக விளக்குவார்கள். இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்கு டிக்கெட்டோடு சேர்த்து அப்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

டிக்கெட் விலையோடு செலவு முடிவதில்லை. பதிவுக் கட்டணம், கிளாஸுக்கு முன்பணம், பை வைக்கும் இடத்துக்குக் கட்டணம், உள்ளே சாப்பாடு, வீடு திரும்பும் வண்டி, பாட்டில் வாங்கினால் அனுப்பும் செலவு என்று அடுக்கிக்கொண்டே போகும். இவற்றில் பெரியது பெரும்பாலும் வண்டிச் செலவுதான். ஏனென்றால் அன்று நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. துப்பினாலும் ஓட்டக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போக முடியாமல் போனால் டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே படித்து வையுங்கள். பல இடங்களில் பணம் திரும்ப வராது, பெயர் மாற்றத்துக்கு மட்டும் வழி இருக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

புகைப்படத்தோடு கூடிய அசல் அடையாள அட்டை. நரை விழுந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் நிற்பவருக்கு எல்லோரையும் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு இருக்கும், அவரோடு வாதாடிப் பயனில்லை. குறைந்தபட்ச வயது நாட்டுக்கு நாடு மாறும்: பெரும்பாலான நாடுகளில் 18, அமெரிக்காவில் 21, ஜெர்மனியில் சட்டப்படி ஒயினுக்கு 16. சட்டம் சொல்வதைவிடக் கூடுதல் வயதைக் கண்காட்சியே விதிக்கவும் செய்யலாம். வெளிநாட்டில் போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இருக்கும் படத்தை ஒத்துக்கொள்ளாத இடங்கள் உண்டு. குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்பதைத் தனியாக விசாரியுங்கள்.

டிக்கெட்டின் க்யூஆர் கட்டக் குறியீட்டைப் படமாக எடுத்துக் கைபேசியில் சேமித்துவிடுங்கள். பெரிய அரங்குகளின் வாசலில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மின்னஞ்சலைத் திறக்கப் பார்ப்பார்கள், இணையம் நகராது.

அப்புறம் ஒரு சிறு குறிப்பேடு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், தோளில் குறுக்கே மாட்டும் சின்னப் பை. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பேனா என்று இருக்கும்போது கைப்பையை எங்கே வைப்பீர்கள்? முதுகுப் பை வேண்டாம். திரும்பும்போது பின்னால் இருப்பவரின் கிளாஸைத் தட்டிவிடும்.

4. எப்போது போவது

கதவு திறக்கும்போதே போங்கள். முதல் ஒரு மணி நேரம் தங்கம். மேசைக்காரர்கள் களைத்துப்போயிருக்க மாட்டார்கள், பாட்டில்கள் நிறைந்திருக்கும், கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் வரும். கடைசி மணி நேரத்தில் நல்ல பாட்டில்கள் தீர்ந்திருக்கும், கூட்டம் சத்தமாகியிருக்கும், மேசைக்காரர்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். பல இடங்களில் மூடும் நேரத்துக்குக் கால் மணி, அரை மணி முன்பே ஊற்றுவதை நிறுத்திவிடுவார்கள். மூன்று நாள் கண்காட்சி என்றால் வார இறுதியைத் தவிர்த்து வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே இரண்டரை, மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் நாக்கு வேலை செய்யாது. நாள் முழுதுக்குமான டிக்கெட் என்றால் நடுவில் ஒரு மணி நேரம் வெளியே போய்ச் சாப்பிட்டு வாருங்கள். ஆனால் வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

5. முந்தின நாள் இரவு: பட்டியல் போடுங்கள்

நடுத்தரக் கண்காட்சியிலேயே சில நூறு ஒயின்கள் இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர் ஒன்றையும் பார்க்க மாட்டார். கலந்துகொள்பவர்களின் பட்டியலும் அரங்கு வரைபடமும் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே வெளியாகிவிடும். அவற்றைப் பார்த்து இருபது, இருபத்தைந்து ஒயின்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒப்பிட ஏதாவது ஓர் இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே திராட்சை, வெவ்வேறு நாடுகள்: உதாரணத்துக்கு ரீஸ்லிங்கை ஜெர்மனி, பிரான்சின் அல்சாஸ், ஆஸ்திரேலியா என்று மூன்று மேசைகளில் பாருங்கள். அல்லது ஒரே ஊர், வெவ்வேறு அறுவடை ஆண்டுகள். அல்லது ஒரே விவசாயி, மரப்பீப்பாயில் வைத்ததும் வைக்காததும். ருசி ஒப்பீட்டில்தான் பிடிபடும். தனியாக ஒரு கிளாஸைக் குடித்துவிட்டு ‘இது எப்படி?’ என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது; பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் உடனே வாய் திறக்கும்.

6. அன்று காலை

நன்றாகச் சாப்பிடுங்கள். காரமும் பூண்டும் தூக்கலாக இல்லாத, வயிற்றில் நிற்கும் சாப்பாடு. வெறும் வயிற்றில் போனால் என்ன ஆகும் என்று மேலே படிக்கட்டுக் கதையில் பார்த்தீர்கள்.

பல் துலக்குவதை ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பற்பசையில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இனிப்பை மழுக்கிக் கசப்பைத் தூக்கிக் காட்டும். புதினா மிட்டாய், காபி, சூயிங்கம் எல்லாம் இதே கணக்கில் வரும்.

வாசனைத் திரவியம் பூசாதீர்கள். இது உங்களுக்காக மட்டுமில்லை. ஒருவர் பூசிக்கொண்டு வந்தால் அந்த மேசையில் நிற்கும் பத்துப் பேருக்கும் ஒயின் வாசம் போய்விடும். மணக்கும் கைக்களிம்பு, தலைக்கு எண்ணெய், இரண்டுக்கும் அன்று விடுமுறை. உதட்டுச்சாயம் கிளாஸ் விளிம்பில் ஒட்டி வாசத்தைக் கெடுக்கும்.

உடை அடர்நிறமாக இருக்கட்டும். யாராவது சிந்துவார்கள், அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம். தொங்கும் துப்பட்டா, டை, நீண்ட முடி எல்லாவற்றையும் கட்டி ஒதுக்கிவிடுங்கள். குனிந்து துப்பும்போது வாளிக்குள் விழும். தட்டையான செருப்போ ஷூவோ போடுங்கள். தரை ஈரமாக இருக்கும், உட்கார நாற்காலி இருக்காது.

கர்ப்பமாக இருப்பவர்கள், மதுவோடு ஒத்துப்போகாத மருந்து எடுப்பவர்கள் போகவே வேண்டாம். மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் மதுவைத் தொடக் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதை மறக்காதீர்கள்.

7. உள்ளே போனதும்

கிளாஸை வாங்கியதும் முகர்ந்து பாருங்கள். கழுவிய சோப்பு வாசமோ பெட்டி வாசமோ அடித்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ருசி பார்க்கத் தரும் கிளாஸ் பெரும்பாலும் சிறியதாகவும், வாய்ப் பக்கம் குறுகியும் இருக்கும். ஐஎஸ்ஓ 3591 என்ற 1977ஆம் ஆண்டுச் சர்வதேசத் தர அளவுப்படி அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 215 மி.லி. அதில் 50 மி.லி. மட்டும் ஊற்றிப் பார்க்க வேண்டும். மீதி இடம் வாசம் தங்குவதற்கு. கண்காட்சியில் 25, 30 மி.லி.தான் ஊற்றுவார்கள். ‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிக்காதீர்கள், நிரம்ப ஊற்றினால் சுழற்ற முடியாது.

கிளாஸை அதன் தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தினால் ஒயின் சூடாகும், விரல் அடையாளம் பட்டு நிறமும் தெரியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பனிக்கட்டியில் கிடந்த வெள்ளை ஒயின் பல் கூசும் குளிரில் வரும்போது வாசமே எழாது. அப்போது இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பொத்திப் பிடித்து ஒரு நிமிடம் காத்திருங்கள். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை பொருந்தும். அரங்கின் வெக்கையில் சிவப்பு அதைத் தாண்டிப் போய்விடுவதால், கனமான சிவப்பில் சாராய நெடி தூக்கலாகத் தெரிந்தால் ஒயினை உடனே குறை சொல்லாதீர்கள்.

போகிற வரிசை இப்படி இருக்கட்டும்: நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு, லேசான சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பும் போர்ட் போன்ற சாராயம் கூட்டியவையும். இனிப்பை முதலில் தொட்டால் அடுத்து வருவதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். மேசை வரிசையில் போகாமல் இந்த வரிசையில் போவதால் அரங்கை இரண்டு மூன்று முறை சுற்ற நேரும். அதனால்தான் ஷூவைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

8. துப்பப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு முறை ஊற்றுவது 30 மி.லி. இருபத்தைந்து ஒயின் பார்த்தால் 750 மி.லி., அதாவது சரியாக ஒரு முழு பாட்டில். 13% ஆல்கஹால் உள்ள ஒயினில் அது கிட்டத்தட்ட 77 கிராம் சுத்த ஆல்கஹால். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். மூன்று மணி நேரக் கண்காட்சியில் எல்லாவற்றையும் விழுங்கியவர் எப்படி வெளியே வருவார் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதனால்தான் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாளி இருக்கிறது. நம் மொழியில் இதற்கு அழகான சொல்லே உண்டு, படிக்கம். அதில் துப்புவது அநாகரிகம் என்று நினைத்துத்தான் முதல் தடவை நான் அதைத் தொடவில்லை. உண்மையில் அங்கே துப்புகிறவரைத்தான் மேசைக்காரர் மதிப்பார். இவர் வேலையாக வந்திருக்கிறார் என்று அடுத்த பாட்டிலைக் கீழிருந்து எடுப்பார்.

துப்புவதற்கும் பழக்கம் வேண்டும். இரண்டு நாள் முன்பே குளியலறைத் தொட்டியில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் கற்றேன். வாயில் ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி அளவுதான் எடுக்க வேண்டும்; வாய் நிறைய எடுத்தால் மோவாயில் வழியும். உதட்டை ‘ஊ’ என்று குவித்து, கன்னத்தை இறுக்கி, நாக்கால் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். தயங்கினால் சொட்டும், துணிந்தால் கோடாகப் போகும். வாளிக்கு அருகே போய்க் குனிந்து துப்பிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள், பின்னால் இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். கூட்டமான நேரத்தில் நான் ஒரு காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அதில் துப்பி, நிறைந்ததும் வாளியில் கொட்டலாம். புதியவர்களின் கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கிளாஸில் மிஞ்சியதையும் அதே வாளியில் கொட்டலாம். மேசைக்காரர் வருத்தப்பட மாட்டார். அதற்காகத்தான் அது இருக்கிறது.

எவ்வளவு கவனமாகத் துப்பினாலும் கொஞ்சம் தொண்டையில் இறங்கும், கொஞ்சம் வாயின் உட்சதை வழியாகவே ஏறும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வாய் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விழுங்கலாம்.

9. மேசை முன்னால் நிற்கும்போது

ஊற்றியதும் முதலில் பாருங்கள், பிறகு சுழற்றுங்கள். கையில் தூக்கிச் சுழற்ற வராவிட்டால் கிளாஸின் அடியை மேசையில் வைத்தபடியே சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும், சட்டையும் தப்பும். பிறகு மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு முகருங்கள். பிறகுதான் வாய். வாயில் வைத்தபடி உதட்டை லேசாகத் திறந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். கொதிக்கும் காபியை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வரும், அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும், ருசியில் பெரும்பகுதி அங்கேதான் தெரியும்.

கவனிக்க வேண்டியவை: புளிப்பு எவ்வளவு, இனிப்பு இருக்கிறதா, துவர்ப்பு எவ்வளவு, துப்பியபின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது. துவர்ப்பு விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்கத் திணறுகிறார்கள், நமக்கு ஆறு சுவைகளில் ஒன்றாகவே அது இருக்கிறது. கட்டித் தேநீர் குடித்தபின் நாக்கும் ஈறும் வறண்டு பிடிக்குமே, சிவப்பு ஒயினில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்வது அதேதான். கடைசியாகச் சொன்ன, ருசி நிற்கும் நேரத்தை ‘நீளம்’ என்பார்கள்; அதை நொடிக் கணக்கில் எண்ணலாம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் ‘கோதலி’ என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு கோதலி ஒரு நொடி. கோடாலி என்று படித்துவிடாதீர்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிய அறை போல வாடை அடித்தால் அது தக்கைக் கேடு. ட்ரைக்குளோரோஅனிசோல் என்ற சேர்மம் தக்கையிலிருந்து இறங்குவதால் வருவது. மேசைக்காரரே சில நேரம் கவனித்திருக்க மாட்டார். ‘இந்தப் பாட்டிலை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறீர்களா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லிப் புதுப் பாட்டில் திறப்பார்கள். கண்ணாடித் துகள் போல அடியில் மின்னுவது கேடு இல்லை, டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம்.

கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. எந்தத் திராட்சை? மரப்பீப்பாயில் வைத்தீர்களா, எத்தனை மாதம்? இப்போதே குடிக்கலாமா, வைத்திருக்க வேண்டுமா? சைவம் பார்ப்பவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: தெளிய வைக்க என்ன சேர்த்தீர்கள்? முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசின், ஜெலட்டின், மீனின் நீந்தற்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் இந்த வேலைக்குப் பயன்படுபவை. களிமண் மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எது என்று ஊற்றுபவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை சில. பாட்டிலை எடுத்து நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள். ‘இருப்பதிலேயே விலை கூடியது எது?’ என்று தொடங்காதீர்கள். சாதாரணமானதிலிருந்து வரிசையாகக் கேட்டால் அதுவும் தானாக வரும். ஒவ்வொரு மேசைக்கும் கிளாஸைத் தண்ணீரில் அலச வேண்டியதில்லை. மிஞ்சும் தண்ணீர் அடுத்த ஒயினை நீர்க்கச் செய்யும். சிவப்பிலிருந்து வெள்ளைக்குத் திரும்பினால் மட்டும் அலசுங்கள்.

இன்னொன்று. மேசையில் சீஸ் துண்டு வைத்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஆப்பிளைக் கடித்து வாங்கு, சீஸைக் கொடுத்து விற்று விடு என்று ஒயின் வியாபாரிகளிடையே ஒரு பழைய சொல் உண்டு. சீஸின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மூடிவிடும், சுமாரான ஒயினும் வழவழவென்று இறங்கும். வெறும் ரொட்டித் துண்டு போதும்.

10. மறுநாள் உதவும் குறிப்பு

‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். மேசை எண், தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, விலை, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், ஞாபகத்துக்கு ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். பெயர், ஆண்டு, விலை போக, என் குறிப்பேட்டில் இப்போது இப்படி இருக்கும்: ‘மேசை 14, ரீஸ்லிங், 4, எலுமிச்சைத் தோல், நீளம் 8 நொடி, மறுபடி பார்.’ அந்த ‘மறுபடி பார்’ முக்கியம். லேபிளைப் படமெடுக்கும்போது பக்கத்தில் விலைப் பட்டியலையும் சேர்த்து எடுங்கள். லேபிள் மட்டும் இருந்தால் அடுத்த வாரம் அது வெறும் அழகான படம்.

சொற்களுக்காகத் திண்டாட வேண்டாம். புத்தகத்தில் இருக்கும் கருந்திராட்சையும் சிடார் மரமும் உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்ததை எழுதுங்கள். மழை நனைத்த மண், புதுத் தோல் செருப்பு, பென்சில் சீவல், எதுவானாலும் சரி. குறிப்பு உங்களுக்குத்தான்.

11. வாங்குவது என்றால்

முதல் சுற்றில் வாங்காதீர்கள். ‘இன்றைக்கு மட்டும் தள்ளுபடி’ என்பார்கள். மாலையிலும் அதே தள்ளுபடிதான் இருக்கும். பட்டியலை முடித்தபின் ‘மறுபடி பார்’ என்று குறித்த மூன்று நான்கை மட்டும் திரும்பப் போய் ருசி பாருங்கள். அதில் பாதி அடிபட்டுவிடும்.

கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்கள்: சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? ஒரு பாட்டில் தருவார்களா, ஆறாகவோ பன்னிரண்டாகவோ பெட்டியாகத்தான் வாங்க வேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது? உடைந்து வந்தால் என்ன செய்வார்கள்? எத்தனை நாளில் வரும்? நான் ஒருமுறை ‘விலையில் எல்லாம் அடக்கம்’ என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். வரியும் அனுப்பும் செலவும் தனியாக வந்து விழுந்தன. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதித்தான் இருந்தது. ருசி பார்த்த பாட்டிலின் ஆண்டும் அனுப்பப்போகும் பாட்டிலின் ஆண்டும் ஒன்றுதானா என்று கேட்டு, ஆண்டைப் படிவத்தில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஒயின் வேறு ஒயின்.

கையிலேயே தூக்கிப் போகலாம் என்றால் எடையை நினையுங்கள். நிறைந்த பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ இருக்கும். ஆறு பாட்டில் என்றால் எட்டு கிலோவுக்கு அருகில். விவசாயிகளின் கண்காட்சிகளுக்கு வாடிக்கையாக வருபவர்கள் சக்கர வண்டியோடு வருவது இதனால்தான்.

விமானத்தில் கொண்டுபோவதானால் பெரும்பாலான விமான நிலையங்களில் பாட்டில் கைப்பையில் ஏறாது, 100 மி.லி. விதி தடுக்கும். சரக்குப் பெட்டியில் 24%க்கு மேல் போகாத மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதிப்படி அளவு வரம்பு இல்லை, பெட்டியின் எடைதான் வரம்பு. 24%க்கு மேல் 70% வரை உள்ளதற்கு ஆளுக்கு 5 லிட்டர். சுங்கம் வேறு கணக்கு. அமெரிக்காவுக்குள் வரியின்றி 1 லிட்டர், இந்தியாவுக்குள் 2 லிட்டர், வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைபவருக்கு நுரைக்காத ஒயின் 4 லிட்டர் என்று இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் இறங்கும் நாட்டின் சுங்கத்துறைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

12. வெளியே வந்தபின்

கிளாஸ் முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குங்கள். வெளியேறும் அவசரத்தில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். கிளாஸ் உங்களுக்கே சொந்தம் என்றால் அதில் பேனாவை வைத்து, குறிப்பேட்டால் சுற்றிப் பையில் போடுங்கள்.

பல் கறுத்திருக்கும். உடனே பல் துலக்காதீர்கள். ஒயின் அமிலத்தன்மை கூடியது, அதன் பிஎச் 3க்கும் 4க்கும் நடுவில் இருக்கும். இருபது, முப்பது முறை வாயில் சுழன்றதில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும், அதன்மேல் பிரஷ் போட்டால் தேயும். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

அன்று இரவே குறிப்பேட்டைத் திறந்து, கையெழுத்து புரியும் போதே படங்களோடு ஒத்துப் பாருங்கள். வாங்கி வந்த பாட்டிலை உடனே திறக்க வேண்டாம். வெளிச்சமும் வெக்கையும் இல்லாத இடத்தில் படுக்கவைத்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு திறக்கும்போது பக்கத்தில் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, இந்த முறை வாளி இல்லாமல் குடித்துப் பாருங்கள். ‘எலுமிச்சைத் தோல்’ என்று எழுதிய இடத்தில் எலுமிச்சைத் தோல் தெரியாவிட்டால் அதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டில் அப்படி அடித்துத் திருத்திய வரிகள் நிறைய இருக்கின்றன.